சொன்ன சொல்லைத் திரும்ப வாங்க மலையேறியவர்

செவ்வாய்க்கிழமை எங்கள் மையத்தில் கூட்டம் அதிகம். காலை ஒன்பதரைக்கு மருந்துச் சன்னலைத் திறந்து முதல் ஆளின் அட்டையை வாங்கும்போது பிலவேந்திரனின் மகள் அமலியிடமிருந்து போன் வந்தது. "அங்கிள், அப்பா போயிட்டாரு" என்றாள். "எங்க போனாரும்மா?" என்று கேட்டேன். இருபது வருடமாக நோயோடும் சாவோடும் புழங்குகிற ஒரு மருந்தாளுநன் கேட்கிற கேள்வியா இது? பாவம், தகப்பனைப் பறிகொடுத்த பெண் எனக்குப் பொறுமையாக விளக்க வேண்டியிருந்தது. காலையில் வீட்டுச் சன்னலுக்குக் கொசுவலை அடித்துக்கொண்டிருந்தவர், நெஞ்சு ஒரு மாதிரியாக இருக்கிறது என்று ஸ்டூலை விட்டு இறங்கி உட்கார்ந்திருக்கிறார். வடக்கனந்தலிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு வண்டி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

போனை வைத்துவிட்டு வரிசையில் நின்றவர்களுக்கு மாத்திரை கொடுத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பாதிப்பேர் மாத்திரை வாங்காமலே அழுதுகொண்டு போய்விடுவார்கள், அப்புறம் அவர்களைப் பிடிப்பது பெரும்பாடு. கடைசி ஆளுக்கும் கொடுத்து முடித்து, சன்னலைச் சாத்திவிட்டு, ஆய்வகத்துக்குப் போய் அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் ஓய்வு பெற்று ஏழு மாதமாகியும் அந்த நாற்காலியை யாரும் மாற்றவில்லை. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

இதைப் படிக்கிறவர்களில் பலருக்குப் பிலவேந்திரனைத் தெரியும். தெரியும் என்று வெளியில் சொல்லிக்கொள்ள முடியாதவர்களும் உங்களில் உண்டு. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எச்.ஐ.வி. தொற்றோடு வாழ்கிறவர்களுக்கு மாத்திரையும் பரிசோதனையும் தருகிற ஒரு சிறிய தொண்டு மையம் எங்களுடையது. பெயர்ப்பலகையில் 'பொது மருத்துவம்' என்று மட்டும் இருக்கும். அங்கே அவர் ஆய்வக நுட்பர், நான் மருந்தாளுநர். அதற்கு முன்னால் அவர் கல்வராயன் மலையில் மலேரியா வேலை பார்த்தவர். தோளில் ஒரு மரப்பெட்டி, பெட்டிக்குள் கண்ணாடித் துண்டுகள். ஊர் ஊராக நடந்து, காய்ச்சல் கண்டவர்களின் விரலில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் தடவிக்கொண்டு வருவார். பிறகு படித்துத் தேறி, அந்தக் கண்ணாடிகளை நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கிறவராக ஆனார்.

எங்களிடம் வந்த புதிதில் ஒரு நாள், குளிர்காய்ச்சலோடு ஒருவர் நடுங்கிக்கொண்டு பெஞ்சில் கிடக்க, டாக்டரம்மா ஆய்வக வாசலில் நின்று, "இருக்கா இல்லையா, ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று அவசரப்படுத்தினார். பிலவேந்திரன் கண்ணை எடுக்கவே இல்லை. "இன்னும் முப்பது எடம் பாக்கிங்க டாக்டர்" என்றார். நுண்ணோக்கியின் கீழ் நகர்த்தி நகர்த்தி, ஒரு கண்ணாடியில் நூறு இடம் பார்க்காமல் அவர் எழுந்திருக்க மாட்டார். அப்புறம் டீக்கடையில் என்னிடம் சொன்னார்: "இருக்குதுன்னு சொல்றதுக்கு ஒண்ணு கண்ணுல பட்டா போதும் பார்மசி. இல்லன்னு சொல்றதுக்குத்தான் நூறு எடம் பாக்கணும்." என் பெயர் தணிகாசலம் என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் கடைசிவரை நான் அவருக்குப் பார்மசிதான்.

எங்கள் வேலையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. மையத்துக்கு வெளியே நோயாளியைப் பார்த்தால் நாங்கள் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. அவர்களாகச் சிரித்தால் சிரிக்கலாம், அவ்வளவுதான். ஒருமுறை திருக்கோவிலூரில் ஒரு கல்யாணப் பந்தியில் நானும் அவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். மாப்பிள்ளை வீட்டார் ஒருவரை அழைத்துவந்து, "இவரு மாப்பிள்ளைக்குத் தாய்மாமன்" என்று அறிமுகப்படுத்தினார்கள். எட்டு வருடமாக எங்களிடம் மாத்திரை வாங்குகிறவர் அவர். பிலவேந்திரன் எழுந்து கும்பிட்டு, "சந்தோசம்ங்க, எந்த ஊரு உங்களுக்கு?" என்றார். அவரும் கும்பிட்டு, "சின்னசேலம் பக்கம்ங்க. நீங்க?" என்றார். இருவரும் மழை, கரும்பு, பஸ் என்று ஐந்து நிமிடம் அளவளாவினார்கள். எனக்குப் பாயசம் புரையேறிவிட்டது. "நாடகத்துக்குப் போயிருக்கலாம் ரெண்டு பேரும்" என்று திரும்பி வரும்போது சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "அந்தாளு கை எப்பிடி நடுங்கிச்சு தெரியுமா? நான்தான் கொஞ்ச நேரம் புடிச்சிக்கினு இருந்தேன்" என்றார்.

விரலில் குத்துவதிலும் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. மோதிர விரலின் நுனியில் குத்த மாட்டார், ஓரத்தில்தான் குத்துவார், அங்கே வலி கம்மி என்பார். குத்துகிற நொடியில், "இன்னிக்கு வூட்ல இன்னா கொழம்பு?" என்று கேட்பார். ஆள் யோசிப்பதற்குள் ரத்தம் வந்துவிடும். இதை நான் வெறும் கைப்பக்குவம் என்றே நினைத்திருந்தேன். ஒரு நாள் என் சன்னலுக்கு வந்து தணிந்த குரலில், "இப்ப வர்ற அம்மா மூணு மாசமா ரசம்னுதான் சொல்லுது. மாத்திரை குடுக்கறப்ப கொஞ்சம் பேசிப் பாரு" என்றார். பேசிப் பார்த்தேன். அந்த அம்மாவை மகன் தனியாகச் சமைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டிருந்தான். மையத்தில் தரும் சத்துமாவுப் பட்டியலில் அவர் பெயர் அன்றைக்கே ஏறியது. குழம்புக் கேள்விக்கு வந்த பதிலையெல்லாம் அந்த மனுஷன் மறக்காமல் மனசில் வைத்திருந்தார்.

இனி நான் சொல்லவேண்டியது அவர் செய்த ஒரு தவறு. நினைவஞ்சலியில் தவறைச் சொல்வதா என்று சிலர் முகம் சுளிக்கலாம். எனக்கு அவரைப் பற்றிச் சொல்ல இதைவிட நல்லதாக எதுவும் இல்லை.

கல்வராயன் மலையிலிருந்து எங்களிடம் வந்துகொண்டிருந்த ஒரு பெண். செல்வி என்று வைத்துக்கொள்வோம், அது அவர் பெயர் இல்லை. அவருக்கும் கணவருக்கும் தொற்று இருந்தது, பிறந்த பெண் குழந்தைக்கும் வந்திருந்தது. மூவரும் ஒழுங்காக மருந்து எடுக்கிறவர்கள். குழந்தையின் ரத்தத்தில் வைரஸ் பரிசோதனையில் சிக்காத அளவுக்கு அடங்கியிருந்தது. கணவர் போர்வெல் வண்டியில் வேலைக்குச் சேர்ந்து, குழந்தை பிறப்பதற்கு முன்பே ஆப்பிரிக்காவுக்குப் போயிருந்தார். மகளை அவர் போனில்தான் பார்த்திருக்கிறார். இரண்டு வருடத்துக்கு முன், வண்டி முதலாளி குடும்பத்தை அழைத்துக்கொள்ள டிக்கெட் போட்டுத் தருவதாகச் சொன்னார். இந்த ஒருமுறைதான், விட்டால் இனி இல்லை.

குழந்தைக்கு அப்போது ஒன்றேகால் வயது. செல்வி அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆய்வகத்தில் நின்றார். நான் ஏதோ காகிதம் வாங்க அங்கே போயிருந்தேன். மலையில் மலேரியா பார்த்தவர் என்பதால் பிலவேந்திரனிடம்தான் அதைக் கேட்கவேண்டும் என்று நினைத்திருக்கிறார்.

"சார், அவரு இருக்கற ஊர்ல மலேரியா ஜாஸ்தியாம். அங்க சின்னக் கொழந்தைங்களுக்கு அதுக்கு ஊசி போடறாங்களாம். எம் பொண்ணுக்குப் போட்டா புடிக்குமா சார்?"

தடுப்பூசி பிடிப்பது என்றால், ஊசி போட்டபின் உடம்பு அந்த நோய்க்கு எதிரான பொருளைத் தானே உண்டாக்குவது. ஆன்டிபாடி என்பார்கள். எச்.ஐ.வி. இருக்கிற உடம்பில் அது எவ்வளவு உண்டாகும் என்பது அவரவர் நிலையைப் பொறுத்தது. எங்கள் மையத்தில் எல்லோருக்கும் மஞ்சள் காமாலைத் தடுப்பூசி போட்டு, பிறகு ஆன்டிபாடி வந்திருக்கிறதா என்று ரத்தத்தில் பார்ப்பது வழக்கம். பார்க்கிறவர் பிலவேந்திரன். ஆகவே அவருக்கு இந்த விஷயத்தில் நல்ல அனுபவம் என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம். அவரும் நம்பினார்.

"நம்ம ஆளுங்களுக்கு ஊசி அவ்ளோவாப் புடிக்காதும்மா. எத்தினி பேருக்குப் பாத்திருக்கேன், மூணு ஊசி போட்டும் ரத்தத்துல ஒண்ணும் காட்ட மாட்டேங்குது. அந்த மலேரியா ஊசிலயும் இந்தக் காமாலை ஊசி சரக்கு கலந்திருக்குதாம், படிச்சேன். அப்ப அதுவும் இப்பிடித்தான் இருக்கும். கைக்கொழந்தைய இட்டுக்கினு போயி இன்னாத்துக்கு வம்பு?"

அவர் படித்தது உண்மைதான். அந்த ஊசியில் காமாலைக் கிருமியின் ஒரு புரதத்தையும் சேர்த்துத்தான் செய்திருக்கிறார்கள். அதிலிருந்து அவர் போட்ட கணக்குதான் தப்பு. செல்வி "சரிங்க சார்" என்று அட்டையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். மூன்று மாத மாத்திரையை ஒன்றாக வாங்கிக்கொண்டார். போகிற முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. ஆனால் சொன்னவர் நூறு இடம் பார்த்துச் சொல்கிற ஆள் ஆயிற்றே.

பத்து நாள் கழித்து, பழைய ஆன்டிபாடிப் பதிவேடு கிழிந்துபோனதால் அவர் அதைப் புதிய நோட்டில் பெயர் பெயராக எழுதிக்கொண்டிருந்தார். மத்தியானம் என்னை அழைத்தார். "பார்மசி, இங்க வா. இந்தப் பேரு எத்தினி தடவ வருது பாரு." பார்த்தேன். ஒரே பெயர் ஐந்து இடத்தில் இருந்தது. இன்னொரு பெயர் நாலு இடத்தில். பிறகு ஒரு விரலால் பெயர்களை எண்ணிக்கொண்டே பக்கங்களைப் புரட்டினார்.

நடந்தது இதுதான். யாருக்கு ஊசி பிடித்ததோ அவர் ஒரே ஒருமுறை ரத்தம் கொடுத்துவிட்டு அதோடு போய்விடுவார். இவர் அவரை மறந்துவிடுவார். யாருக்குப் பிடிக்கவில்லையோ அவருக்கு மறுபடி ஊசி, மறுபடி ரத்தம், மறுபடியும் அதே முகம் எதிரில் வந்து நிற்கும். வருடக்கணக்காக அந்தச் சில முகங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்து, அவர்கள்தான் எல்லோரும் என்று இவர் மனசு எண்ணிவிட்டது. நோட்டில் பெரும்பாலானவர்களுக்கு ஒரே ஒரு வரிதான், அதில் பிடித்திருக்கிறது என்று இவர் கையெழுத்திலேயே இருந்தது. திரும்ப வந்தவர்களும் பெரும்பாலும் நோய் முற்றிய பிறகு வந்தவர்கள், அல்லது மாத்திரையை நடுவில் விட்டவர்கள். அவர்களிலும் சிலருக்குக் கூடுதல் ஊசிக்குப் பிறகு பிடித்திருந்தது. ஆய்வகத்தில் உட்கார்ந்திருக்கிற ஒருவரைத் தவிர வேறு யாராலும் இப்படி ஏமாற முடியாது.

"நூறு எடம் பாக்காம இல்லன்னு சொல்லிட்டேன்டா" என்றார். அவர் என்னை 'டா' போட்டுப் பேசியது அந்த ஒருமுறைதான்.

அன்றே டாக்டரம்மாவிடம் போனார். அவர் பொறுமையாகச் சொன்னார்: "அந்தக் குழந்தைக்கும் போடலாம், போடணும். ஆன்டிபாடி வரும். மத்தக் குழந்தைங்களைவிடக் கொஞ்சம் கம்மியா இருக்கலாம், சீக்கிரம் இறங்கிடவும் செய்யலாம். மருந்து ஒழுங்கா எடுத்து வைரஸ் அடங்கியிருந்தா நல்லாவே வரும். ஆனா ஊசி போட்டாச்சுன்னு வலை கட்டாம இருக்கக் கூடாது."

செல்வி கொடுத்திருந்த போன் எண் அணைத்தே கிடந்தது. அவர் சொல்லியிருந்த டிக்கெட் தேதிக்கு மூன்று வாரம்கூட இல்லை. அவர் அடுத்து மையத்துக்கு வருவதோ அதற்கும் பின்னால். அட்டையில் ஊர்ப் பெயர் இருந்தது, ஆனால் எச்.ஐ.வி. மையத்து ஆட்கள் ஒரு வீட்டைத் தேடிப் போய் நின்றால் அந்த வீட்டின் கதி என்ன? மலையில் ஊர் என்பது இருபது முப்பது வீடுதான்.

இங்கே என் யோக்கியதையையும் சொல்லிவிடுகிறேன். "விடுண்ணா. போகாம இருந்தா புள்ளைக்கு மலேரியா வராது, நல்லதுதானே? நீ சொன்னது தப்புன்னு யாருக்குத் தெரியப் போவுது?" என்றேன். எனக்குப் பயம், வேறொன்றும் இல்லை. அவர் கோபப்படவில்லை. "போறதா இருக்கறதான்னு அந்தப் பொண்ணு முடிவு பண்ணட்டும். நான் குடுத்த தப்புக் கணக்க வெச்சிக்கினு முடிவு பண்ணக் கூடாது" என்றார். இரண்டு நாள் என்னோடு டீ குடிக்க வரவில்லை. மூன்றாம் நாள் வந்து, "சனிக்கெழம உனக்கு லீவு தானே? மலைக்குப் போவணும். எழுதறதுக்கு ஒரு ஆள் வேணும்" என்றார்.

வீட்டுப் பரணிலிருந்து அந்த மரப்பெட்டியை இறக்கியிருந்தார். மலையில் இருக்கும் சுகாதார ஆய்வாளர் அவருடைய பழைய சினேகிதர். அவரிடம் முறையாகப் பேசி, ஒரு ஊரில் காய்ச்சல் கணக்கெடுப்புச் செய்ய அனுமதி வாங்கியிருந்தார். அங்கே ஆள் பற்றாக்குறை, ஆய்வாளருக்கு ஏக சந்தோஷம். செல்வி வீட்டுக்கு மட்டும் போக முடியாது, அதனால் ஊர் முழுக்கப் போவது. இதுதான் பிலவேந்திரனின் திட்டம்.

காலை வெள்ளிமலை பஸ்ஸில் ஏறினோம். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைக் கடந்து வண்டி மலையேறத் தொடங்கியதும் அவர் பெட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஊரில் இறங்கி முதல் வீட்டில் கேட்டபோது யாரும் விரலை நீட்டவில்லை. "மொதல்ல இவருக்குக் குத்திக் காட்டறேன், பாருங்க" என்று என் கையைப் பிடித்து இழுத்துக் குத்திவிட்டார். குழம்பு என்ன என்றுகூட என்னிடம் கேட்கவில்லை. நான் போட்ட சத்தத்தில் குழந்தைகள் கெக்கலி கொட்டிச் சிரித்தன. அதன்பிறகு ஆட்கள் தானாக வந்தார்கள். முப்பத்தொரு விரல். காய்ச்சல் இருந்தவர்கள் நாலைந்து பேர், மற்றவர்கள் எல்லாம் போன மாதம் காய்ந்தது, பங்காளிக்குக் காய்ந்தது என்று வேடிக்கைக்கு நீட்டியவர்கள். நான் பெயர் எழுதினேன்.

ஒன்பதாவது வீடு செல்வியுடையது. எங்களைப் பார்த்ததும் அந்தப் பெண் குழந்தையை இறுக்கிக்கொண்டு கதவோடு ஒட்டி நின்றார். மாமியார் முன்னால் வந்தார். அந்த அம்மாவுக்கு இவர்களின் நோய் பற்றி எதுவும் தெரியாது. பிலவேந்திரன் செல்வி இருந்த பக்கம் திரும்பவே இல்லை.

"மலேரியா கணக்கெடுக்க வந்திருக்கறோம்மா. வூட்ல யாருக்காச்சும் காய்ச்சல் கீய்ச்சல் உண்டா?"

"இங்க ஒண்ணும் இல்லிங்க. எம் புள்ளை வெளிநாட்ல போர் வண்டில கீறான், அங்கதான் மலேரியாவாம். டிக்கெட்டெல்லாம் போட்டு வெச்சிருக்கான். இவ என்னாடான்னா புள்ளைக்கு வந்துரும்னு பயந்துக்கினு போவ மாட்டேன்றா. நீங்களாச்சும் சொல்லுங்க சார்."

நான் பேனாவைக் கீழே போட்டுவிட்டேன். கடவுள் இப்படியும் கதவைத் திறப்பாரா என்று இருந்தது. பிலவேந்திரன் மெல்லப் பெட்டியைத் தரையில் வைத்தார். அப்போதுதான் முதல்முறையாகச் செல்வியைப் பார்த்தார்.

"அங்க கொழந்தைங்களுக்கு மலேரியாவுக்கு ஊசி இருக்குதும்மா. உங்க கொழந்தைக்கும் தாராளமாப் போடலாம். புடிக்கும். சில கொழந்தைங்களுக்குக் கொஞ்சம் கம்மியா இருந்தாலும் இருக்கும், ஆனா புடிக்கும். டாக்டர்கிட்ட நல்லாக் கேட்டுக்கினுதான் சொல்றேன். ஊசி போட்டாலும் வலை கட்டித்தான் தூங்கணும். போறதும் போவாததும் உங்க இஷ்டம். ஆனா ஊசி புடிக்காதுன்னு யாராச்சும் சொல்லியிருந்தா, அவன் சரியாப் பாக்காம சொல்லிட்டான். அது தப்பு."

"எந்த வெளங்காதவன் அப்பிடிச் சொன்னான்?" என்றார் மாமியார்.

"ஒரு வயசான ஆளும்மா. கெட்டவன் இல்ல, அவசரக்குடுக்கை. அவனே இப்ப ரொம்ப வருத்தப்படறான்" என்றார் பிலவேந்திரன்.

செல்வி குழந்தையை மாமியாரிடம் கொடுத்துவிட்டு வந்து விரலை நீட்டினார். "இன்னிக்கு இன்னா கொழம்பும்மா?" என்று கேட்டார் இவர். கண்ணீர் மட்டும் பொலபொலவென்று கொட்டியது. "தோ பாரு, ஒரு குத்துக்குப் போயி இந்த அழுவ அழுவுது" என்று மாமியார் மருமகளைக் கடிந்துகொண்டார். பிலவேந்திரன் ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி, பஞ்சை அந்த விரலில் வைத்து, வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு சீட்டில் தன் எண்ணை எழுதி, "ரிசல்ட் தெரியணும்னா இதுல பேசுங்க" என்று மாமியாரிடமே கொடுத்தார். அடுத்த வீட்டுக்குப் போனோம். இன்னும் பதினான்கு வீடு பாக்கி இருந்தது, ஒன்றையும் அவர் விடவில்லை.

கீழே வந்ததும் நான், வந்த வேலை முடிந்தது, இந்தக் கண்ணாடிகளைக் கொட்டிவிடலாம் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சாக்குக்குக் குத்தினாலும் ரத்தம் நெசம்தானே? குடுத்தவங்களுக்குப் பதில் சொல்ல வேணாமா?" இரண்டு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேராக ஆய்வகத்துக்கு வந்து, முப்பத்தொரு கண்ணாடியிலும் நூறு நூறு இடம் பார்த்தார். என்னுடையதும் அதில் சேர்த்தி. எதிலும் மலேரியா இல்லை. முடிவுகளைப் பெயர் வாரியாக எழுதி ஆய்வாளருக்கு அனுப்பினார்.

ஐந்தாம் நாள் செல்வி போன் செய்தார். அடுத்த வாரம் மையத்துக்கு வந்து, அங்கே காட்ட வேண்டிய கடிதமும் மாத்திரையும் வாங்கிக்கொண்டார். ஆய்வகத்து வாசலில் நின்று, "போயிட்டு வரேன் சார்" என்றார். பிலவேந்திரன் எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு, "நான் சொன்னது தப்பும்மா. மன்னிச்சிக்க" என்றார். வராந்தாவில் எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோர் காதிலும் விழுந்தது. மலையில் ஒளித்துச் சொன்னதை அவர் இங்கே வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று காத்திருந்திருக்கிறார்.

குழந்தைக்கு அங்கே ஊசி போட்டார்கள். ஒவ்வொரு ஊசிக்கும் செல்வியிடமிருந்து தகவல் வரும். ஆன்டிபாடி வந்ததா என்று அங்கே யாரும் ரத்தம் எடுத்துப் பார்க்கவில்லை, அப்படிப் பார்ப்பது வழக்கமும் இல்லை. இவருக்குத்தான் மனசு கேட்கவில்லை. "ஒரு சொட்டு ரத்தம் கையில கெடச்சா போதும், எங்கயாவது குடுத்துப் பாத்துருவேன்" என்று புலம்புவார். எவ்வளவு இருந்தால் போதும் என்பதே இன்னும் யாருக்கும் உறுதியாகத் தெரியாது, பார்த்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று டாக்டரம்மா சிரித்தார். தெரியாமலேதான் போய்ச் சேர்ந்தார். காய்ச்சல் வந்தால் உடனே ரத்தம் பார், வலை கட்டினாயா, மாத்திரை கொடுத்தாயா என்று கடைசி மாதம்வரை கேட்டுக்கொண்டே இருந்தார்.

வடக்கனந்தலில் அவரை அடக்கம் செய்த அன்று உங்களில் பலர் வந்து, கூட்டத்தின் ஓரத்தில், ஒருவரை ஒருவர் தெரியாதவர்போல் நின்றீர்கள். நானும் உங்களைத் தெரியாதவனாகவே நின்றேன். அது அவருக்கு நாம் செய்த மரியாதை.

மூன்றாம் நாள் அமலி டீ கொடுத்துவிட்டு என் எதிரில் உட்கார்ந்தாள். அப்பாவின் போனுக்கு வெளிநாட்டு எண்ணிலிருந்து ஒரு பெண் பேசினாராம். அப்பா இறந்ததைச் சொன்னதும், மறுமுனையில் பேச்சே இல்லாமல் அழுகை மட்டும் கேட்டதாம். யாரென்று கேட்டால், "எங்க ஊருக்கு மலேரியா கணக்கெடுக்க வந்தாரும்மா" என்று மட்டும் சொன்னாராம். "மலேரியா கணக்கெடுக்க வந்தவருக்காக யாராவது இப்படி அழுவாங்களா அங்கிள்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியும், ஆனால் செல்வியைக் கேட்காமல் சொல்லக் கூடாது. டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

பிறகு நானே செல்வியை அழைத்து, இதை எழுதலாமா என்று கேட்டேன். எழுதினால் அமலி படிப்பாள், உங்களைப் பற்றிப் புரிந்துகொள்வாள் என்பதையும் சொன்னேன். "படிக்கட்டும் சார். எம் பேரும் ஊரும் மட்டும் வேணாம். அவரு பேரப் போடுங்க, பெருசாப் போடுங்க" என்றார். பின்னால் ஒரு குழந்தை யாரையோ அதட்டிக்கொண்டிருந்தது. யாரை என்று கேட்டேன். "அவங்கப்பாவத்தான். தோள்ல தூக்கினு நடக்கணுமாம், எறக்கி வுடக் கூடாதாம்" என்றார்.

பிலவேந்திரனிடமிருந்து எனக்கென்று நான் எடுத்து வைத்துக்கொண்டது ஒரே ஒரு வாக்கியம்: நான் சொன்னது தப்பு. போன வாரம் ஒரு பெரியவருக்கு மாத்திரை வேளையை மாற்றிச் சொல்லிவிட்டேன். தெரு முனைவரை ஓடிப்போய், மூச்சு வாங்கிக்கொண்டு அதை அவரிடம் சொன்னேன். நாக்கு புரளவே மாட்டேன் என்றது, இருந்தாலும் சொல்லிவிட்டேன்.

அமலி, நீ கேட்டதற்கு இதுதான் பதில். கணக்கெடுக்க வந்தவருக்காக யாரும் அப்படி அழ மாட்டார்கள். அந்தக் குழந்தைக்கு அவளுடைய அப்பாவைக் கொடுத்தது உன் அப்பா.